பயந்த சுபாவம்

ஜனவரி 8

அன்புள்ள தம்பி நத்தைக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் நன்றாக இருக்கிறோம். அவருக்கு நெஞ்செரிச்சல், எனக்கு அவர்மேல் எரிச்சல், அதற்கு மேல் வியாதி ஒன்றும் கிடையாது. உன் முதுகு வலி எந்த மட்டில் இருக்கிறது?

முதலில் திட்டி முடித்துவிடுகிறேன், அப்போதுதான் மேலே எழுத ஓடும். போன ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஏழு தடவை போன் பண்ணினேன். எட்டாவது தடவை எடுத்தாய். இருபது நிமிஷம் நான் பேசினேன். உன் பங்குக்கு நாலு "ம்", ஒரு "சரிக்கா". போனை வைத்ததும் உன் அத்தான் கேட்கிறார், "ராங் நம்பரா?" என்று. இதே ஆள் கடிதம் என்றால் நாலு பக்கம் எழுதுகிறான்! அதனால்தான் இந்தக் காலத்திலும் தபால்காரருக்கு நான் வேலை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். திருமணத் தகவல் நிலையத்தில் படிவம் வாங்கிவிட்டேன். கத்தாதே. நீ எங்கே கத்தப்போகிறாய்! வயது முப்பத்து நாலு, கட்டட வேலையில் டவர் கிரேன் ஓட்டுகிறான், தாய் தகப்பன் இல்லை, ஒரே அக்கா ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்பாளர் என்று மளமளவென்று நிரப்பிக்கொண்டே வந்தேன். பன்னிரண்டாவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. "சுபாவம்: ஒரு வரியில்."

"அமைதியானவர்" என்று போடலாமா என்றால் எங்கள் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறவள் சிரிக்கிறாள். "எல்லாரும் அதைத்தான் போடறாங்க. சாப்பாட்டுத் தட்டை வீசி அடிக்கிறவனுக்கும் அவங்கம்மா அதைத்தான் போடறாங்க" என்கிறாள். "கூச்ச சுபாவம்" என்று எழுதினால் ஏதோ தோல் வியாதி மாதிரி இருக்கிறது. "சாது" என்றால் மாமியார் வீட்டில் உன்னை மாவாக அரைத்துவிடுவார்கள். "அம்மாஞ்சி", "வாயில்லாப்பூச்சி", "உம்மணாமூஞ்சி" எல்லாம் பொருத்தம்தான், படிவத்தில் எழுத முடியாது. எட்டு பிளாட்பாரத்துக்கும் சேர்த்து நாள் முழுக்க வாய் ஓயாமல் சொல்கிறவள் நான், கூடப்பிறந்தவனுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. நீயே ஒன்று சொல்லு.

கிரேன் நாற்காலியில் முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் அக்கா

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. முதுகு பரவாயில்லை. தலையணை வைத்தேன், வழுக்கி வழுக்கி விழுகிறது. அத்தானின் நெஞ்செரிச்சலுக்கு நீ பேச்சைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாம். இது என் யோசனை மட்டும்தான்.

அந்தப் படிவத்தை அனுப்பாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

பன்னிரண்டாவது கட்டத்தை நினைத்து நினைத்து ஒரு வாரமாக வேலையில் மனசு ஒட்டவில்லை. எனக்கு நாலு வயதாக இருந்தபோது, வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்பேன். அப்போது எனக்குப் பெயர் "சமர்த்து". பத்து வயதில் அதே கதவுக்குப் பின்னால் நின்றேன், "பயந்தாங்கொள்ளி" ஆகிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் "ஊமைக்கோட்டான்". முதல் வேலையில் "மண்டைக்கனம் பிடித்தவன்". அப்பா கடைசிவரை "கோழை" என்றார். நான் நின்ற இடத்திலேயேதான் நின்றேன் அக்கா. பார்க்கிறவர்கள் தங்கள் வசதிக்குப் பெயரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நீ வைத்த பெயர்கள் தனி. அதில் "நத்தை"யில் எனக்கு வருத்தமில்லை. "அழுத்தக்காரன்" என்று சொல்வாயே, அதுதான் வலிக்கும். அழுத்தம் என்றால் உள்ளே எதையோ பதுக்கி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். நான் எதையும் பதுக்கவில்லை. சொல்ல வாயைத் திறப்பதற்குள் எல்லாரும் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள், அவ்வளவுதான்.

தினமும் காலையில் இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏணியில் ஏறுகிறேன். உச்சியில் நான் உட்கார்ந்து கிரேனை ஓட்டுகிற கூண்டின் கதவைச் சாத்தினால் காற்றுச் சத்தம் மட்டும்தான். கீழே கொக்கி மாட்டுகிற அண்ணன் கையைத் தூக்கினால் தூக்குவேன், விரலை மடக்கினால் நிறுத்துவேன். ஆறு வருடத்தில் நாங்கள் நூறு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். இந்த ஊரில் எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதர் அவர்தான். அவர் என்னை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கை காட்டுவார், நான் பார்ப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். தொண்டைக்கு வெந்நீர் குடி.

தம்பி

பிப்ரவரி 2

அன்புள்ள தம்பி நத்தைக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா இருந்தேன். உன் அத்தான் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

சரி, "அழுத்தக்காரன்" இன்றோடு ரத்து. படிவம் அலமாரிக்குள் போய்விட்டது. தூக்கிப் போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஒன்று கேள். இந்த வார்த்தைகள் ஆண்களுக்கு ஒரு விலை, பெண்களுக்கு ஒரு விலை என்று இப்போதுதான் உறைக்கிறது. நீ பேசாவிட்டால் கோழை. நான் பேசாமல் இருந்திருந்தால் "அடக்கமான பெண்" என்று பத்து இடத்திலிருந்து வந்து கேட்டிருப்பார்கள். நான் பேசினேன், "வாயாடி" என்றார்கள். கடைசியில் பேச்சே குறைந்த ஒரு மனுஷன் வந்து என்னைக் கட்டிக்கொண்டார். நாள் முழுக்கக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்துக்கொண்டு, "ஒண்ணு தெளிவா இருக்கா, ரெண்டு தெளிவா இருக்கா" என்பதைத் தவிர வேறு வசனம் தெரியாத ஆள். நம் குடும்பத்துப் பேச்சு மொத்தத்தையும் நானே பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

ஸ்டேஷனில் புதிதாக ஒரு அதிகாரி வந்திருக்கிறார். அறிவிப்பில் "தாமதம்" என்று சொல்லக் கூடாதாம், "நேர மாற்றம்" என்று சொல்ல வேண்டுமாம். வண்டி மூன்று மணி நேரம் மாறி வந்தால் ஜனங்கள் என்னைத்தான் மாற்றி மாற்றித் திட்டுவார்கள்.

அடுத்த வாரம் எனக்கு ஒரு டாக்டரிடமிருந்து ரிசல்ட் வர வேண்டியிருக்கிறது. பயப்பட ஒன்றும் இல்லை. வந்ததும் எழுதுகிறேன். நல்ல சேதியாக இருந்தால் நீ போனை எடுத்தே ஆக வேண்டும், சொல்லிவிட்டேன்.

சாப்பிடு. குனிந்து எதையும் தூக்காதே.

உன் அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன மாதம் பத்தாம் தேதி ஒரு கடிதம் போட்டேன், பதில் இல்லை. டாக்டர் ரிசல்ட் என்ன ஆயிற்று? தபாலில் தொலைந்துவிட்டதா?

இங்கே ஒரு காரியம் நடந்துவிட்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம். பதினெட்டாவது மாடிக்குச் சுவர்ப் பலகைகளை ஏற்ற வேண்டும். கதவு மாதிரி அகலமான பலகைகள், காற்று பிடித்தால் பாய் மாதிரி விரியும். கூண்டில் காற்றை அளக்கிற மீட்டர் இருக்கிறது. மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டினால் அகலமான சுமையைத் தூக்கக் கூடாது. அன்றைக்கு ஐம்பத்து மூன்று காட்டியது. நான் தூக்கவில்லை.

சூப்பர்வைசர் வாக்கி-டாக்கியில் கூப்பிட்டார். "என்னய்யா, தூங்கறியா?"

"காத்து அதிகமா இருக்குங்க."

"எனக்கும்தான் காத்தடிக்குது. தூக்கு."

"முடியாதுங்க."

"பயமா இருந்தா எறங்கி வாய்யா. தைரியம் உள்ளவனை ஏத்தறேன்."

வாக்கி எல்லார் இடுப்பிலும் இருக்கிறது. கட்டடம் முழுக்கச் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் மீட்டர் காட்டியதைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு இறங்கினேன். ஏணியில் பாதி வழியில் "ராக்கெட்" என்னைத் தாண்டி மேலே ஏறினான். எங்கள் இன்னொரு டிரைவர். வேகமாக வேலை செய்வான், அதனால் அந்தப் பெயர். என் தோளில் தட்டி, "விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். நல்ல பையன்.

நான் தரையைத் தொட்டபோது பலகைகள் தரையைவிட்டு எழும்பியிருந்தன. சுழன்றன அக்கா. கொக்கி அண்ணன் கயிற்றைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். ஒரு பலகை இடுப்பில் அடித்து அவரைச் சுவரோடு சேர்த்துவிட்டது. உயிர் இருக்கிறது. இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது.

முடியாதுங்க என்று சொன்னேனே தவிர, "யாரும் தூக்கக் கூடாது" என்று சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால்? வாக்கி என் கையில்தான் இருந்தது. ஏணி இறங்கி முடிக்கும்வரை நேரமும் இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு வரியாவது எழுது.

தம்பி

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை. மன்னித்துக்கொள். டாக்டர் ரிசல்ட் சாதாரணம்தான், அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

அந்த அண்ணனுக்கு இப்போது எப்படி இருக்கிறது? நீ இறங்கியது சரி. மற்றதற்கெல்லாம் உன்னையே போட்டு அடித்துக்கொள்ளாதே.

எதிர் வீட்டு மாடிக்கு வெள்ளை அடிக்கிறார்கள். எட்டரைக்கு ஆரம்பித்து நாலு மணிக்கு முடிக்கிறார்கள். மூன்று பேர். ஒருவர் இடது கைக்காரர். பதினொரு மணிக்கு டீ குடித்துவிட்டு டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் கவிழ்த்து வைக்கிறார். எப்போது கீழே விழுமோ என்று இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இவ்வளவு சின்னக் கடிதம் நீ எழுதி நான் பார்த்ததில்லை. உன் தொண்டை நன்றாக இருக்கிறதா?

கொக்கி அண்ணன் எழுந்து உட்காருகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். அவர் மனைவி, "ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களா?" என்று கேட்கிறார். அண்ணன் கையால் "அவனை விடு" என்று காட்டுகிறார்.

விபத்து அறிக்கை வந்துவிட்டது. கை சைகையில் ஏற்பட்ட குழப்பம்தான் காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். அதாவது தப்பு அண்ணன்மேல். காற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை. என்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது: "முதல் ஓட்டுநர் இயல்பாகவே பயந்த சுபாவம் உள்ளவர் என்பதால் பணியை விட்டு இறங்கினார்."

பார்த்தாயா? நீ நிரப்பாமல் விட்ட கட்டத்தை இவர்கள் நிரப்பிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துவிட்டால் போதும், காற்றே அடிக்கவில்லை என்றாகிவிடுகிறது. மீட்டர் என்ன காட்டியது என்று யாரும் கேட்க வேண்டாம். இவன் எப்போதும் இப்படித்தான், அவ்வளவு. அண்ணன் பழியைச் சுமந்துகொண்டு வீட்டோடு போக வேண்டியதுதான்.

மே 28 விசாரணை. பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். நான் எழுந்து நின்று பேச வேண்டும். எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன், வாயால்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். நீ ஆயிரக்கணக்கான பேருக்குப் பேசுகிறவள். எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடு. போன் பண்ணு. இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுக்கிறேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

மே 6

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. போன் கொஞ்சம் சரியில்லை.

பேசுவதைப் பற்றிக் கேட்டாய். எல்லாரையும் பார்த்துப் பேசாதே. நான் எப்போதும் ஒரே ஆளை நினைத்துக்கொண்டுதான் பேசுவேன். கையில் பெட்டியோடு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கிற ஒரு ஆள். அந்த ஆளுக்கு மட்டும் சொல்வேன். மற்றவர்கள் கேட்டால் கேட்கட்டும். வாக்கியத்தைச் சின்னதாக வை. எண்களை நிறுத்திச் சொல். பேசுவதற்கு முன் ஒரு மூச்சு விடு. பேசி முடித்ததும் மைக் அணைந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார். கண்ணால் பார்த்தால் போதாது. தொட்டுப் பார்.

அது போகட்டும்.

வெள்ளை அடித்து முடித்துவிட்டார்கள். எதிர் ஜன்னலில் இப்போது ஒரு அம்மா நாள் முழுக்கத் துணி மடிக்கிறாள். காலையில் பால்காரர் கதவைத் தட்டினால் உன் அத்தான் இருக்கும்போது மட்டும்தான் திறக்கிறோம். ஊர் முன்னைப்போல இல்லை. நீ இந்தப் பக்கம் இப்போது வராதே, வெயில் அதிகம்.

நன்றாகப் பேசுவாய். எனக்குத் தெரியும்.

அக்கா

மே 13

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

வணக்கம். உங்கள் நெஞ்செரிச்சல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம். கடை முகவரிக்கு எழுதுவதற்கு மன்னிக்கவும். வீட்டுக்கு எழுதினால் அக்கா பிரித்துவிடுவாள்.

அக்காவின் கடைசி இரண்டு கடிதங்களையும் திரும்பத் திரும்பப் படித்தேன். வெள்ளை அடிக்கிறவர்கள் எட்டரைக்கு வந்து நாலு மணிக்குப் போவதையும், பதினொரு மணிக்கு டீ டம்ளர் எங்கே இருக்கிறது என்பதையும் எழுதியிருக்கிறாள். அந்த நேரத்தில் அவள் ஸ்டேஷனில் அல்லவா இருக்க வேண்டும்? இரண்டு கடிதத்திலும் ஸ்டேஷன் என்ற பேச்சே இல்லை. இதற்கு முன் ஒரு கடிதத்தில்கூட அவள் ஸ்டேஷனை இழுக்காமல் இருந்ததில்லை. பிப்ரவரிக்குப் பிறகு அவளிடமிருந்து போனும் இல்லை. போன் வராததில் எனக்கு முதலில் நிம்மதியாகவே இருந்தது. அதை நினைத்து வெட்கப்படுகிறேன்.

நேற்று நானே போன் செய்தேன். நானாக யாருக்கும் போன் செய்து எனக்குப் பழக்கமில்லை. ஒன்பது தடவை அடித்தேன். எடுக்கவில்லை. போன் சரியாகத்தான் இருக்கிறது, மணி போகிறது.

அக்காவுக்கு என்ன ஆயிற்று அத்தான்?

உங்கள் உடல்நலம் பேணவும்.

தங்கள் மைத்துனன்

மே 20

அன்பு மாப்பிள்ளைக்கு,

நலம். நலம் அறியவும். எனக்குக் கடிதம் எழுத வராது. கண்ணாடிக்கு நம்பர் எழுதித்தான் பழக்கம். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அக்கா மூன்று மாதமாக லீவில் இருக்கிறாள். வாசல்படி தாண்டுவதில்லை.

பிப்ரவரி 12 அன்று என் கடைத் தெருவில் கரண்ட் இல்லை. சீக்கிரம் மூடிவிட்டு அவளைக் கூட்டிவரலாம் என்று ஸ்டேஷனுக்குப் போனேன். இரண்டாவது பிளாட்பாரத்தில் நின்றிருந்தேன். மேலே ஸ்பீக்கரில் அவள் ஒரு வண்டியை அறிவித்து முடித்தாள். மைக் அணையவில்லை. சுவிட்ச் மாட்டிக்கொண்டுவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அவளுக்கு ஒரு போன் வந்திருக்கிறது. அவள் பேசியது எட்டு பிளாட்பாரத்திலும் கேட்டது.

"அப்ப இனிமே வாய்ப்பே இல்லையா டாக்டர்?" என்றாள். "பன்னெண்டு வருஷம் டாக்டர்" என்றாள். பிறகு, "அவர்கிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்லுவேன்?" என்றாள்.

பெட்டியை உருட்டிக்கொண்டு போனவர்கள் எல்லாரும் அப்படியே நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை மாப்பிள்ளை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். நாலு நிமிஷம் கழித்து அவளே, அதே குரலில், ஆறாவது பிளாட்பாரத்து வண்டிக்குப் பதினைந்து நிமிஷம் நேர மாற்றம் என்று அறிவித்தாள்.

நான் அவளைப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் வந்து "தலைவலி" என்றாள். "மாத்திரை போட்டுக்கோ" என்றேன். அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அங்கே நின்றது அவளுக்குத் தெரியாது. சொன்னால் உடைந்துவிடுவாள் என்று பயம். தயவுசெய்து நீங்களும் சொல்ல வேண்டாம்.

எதிர் வீட்டு அம்மா, "உங்க வீட்டுக்காரம்மா கூட்டுப்புழு மாதிரி ஆயிட்டாங்களே" என்றார். அவளைப் போய் அப்படிச் சொல்வார்கள் என்று யார் நினைத்தார்கள். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

விசாரணைக்கு என் வாழ்த்து. முதுகைப் பார்த்துக்கொள்ளவும்.

அத்தான்

ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை. அத்தானுக்கு எழுதினேன், நீ லீவில் இருப்பதாகச் சொன்னார். நீயாகக் காரணம் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். சொல்லாவிட்டால் கேட்காமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை.

விசாரணை முடிந்தது. எழுதிப் பழகிய தாள் சட்டைப்பையில் வியர்வையில் ஊறி மை கலைந்துவிட்டது. கடைசி வரிசையில் கொக்கி அண்ணன் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார். நீ சொன்னபடி அவரை மட்டும் பார்த்தேன்.

நடுவில் இருந்த அதிகாரி அறிக்கையைப் புரட்டிக்கொண்டே கேட்டார், "பயந்துதானே எறங்கினீங்க?"

இல்லை என்று சொல்வதற்காகத்தான் ஒரு மாதம் பழகியிருந்தேன். காற்று, விதி, மீட்டர் என்று வரிசையாக. வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"ஆமாங்க. பயந்துதான் எறங்கினேன்" என்றேன்.

சூப்பர்வைசர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார்.

"காத்து அம்பத்து மூணு. கீழ இவர் நிக்கிறாரு. பயப்படாம எப்படிங்க இருக்கறது? நான் தினமும் பயந்துகிட்டேதான் ஏறுறேன். பயம் விட்டுப்போன அன்னைக்கு என்னை வேலையைவிட்டு அனுப்பிடுங்க. குறிப்பேட்டுல எழுதியிருக்கேன், பாருங்க."

அக்கா, இவ்வளவு நீளமாக நான் ஒரே மூச்சில் பேசியதே இல்லை. குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். பக்கம் இருந்தது. அப்புறம் யாரும் எதிர்பார்க்காத காரியம், ராக்கெட் எழுந்தான். "நானும் மீட்டரைப் பார்த்தேங்க. பயந்தாங்கொள்ளின்னு சொல்லிடுவாங்களேன்னுதான் தூக்கினேன்" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டான். 

அண்ணன்மேல் இருந்த பழியை எடுத்துவிட்டார்கள். சூப்பர்வைசரை வேறு இடத்துக்கு அனுப்புகிறார்கள். என்னைப் பற்றிய வரியையும் அடித்துவிட்டார்கள். ஆனால் பயந்துகொண்டே ஏறுவதாக நானே சொன்னதைக் காட்டி, டவர் கிரேனிலிருந்து என்னையும் இறக்கிவிட்டார்கள். இனித் தரையில் ஓடுகிற வண்டிக் கிரேன்தான். சுற்றிலும் ஆட்கள், நாள் முழுக்கப் பேச்சு. மேலே போக முடியாதது நெஞ்சுக்குள் என்னமோ பண்ணுகிறது. யாரிடம் சொல்வது, உன்னிடம்தான் சொல்ல முடியும்.

அந்த மாற்றத்துக்கு முன் ஒரு வாரம் லீவு கிடைத்திருக்கிறது. இருபதாம் தேதி வருகிறேன். வராதே என்று எழுதாதே. பக்கத்து அறையில் இருப்பேன். நீ பேச வேண்டாம். நானும் பேச மாட்டேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தம்பி

ஜூன் 29

அன்புள்ள தம்பிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? முதுகு ரயில் பெஞ்சில் பாடுபட்டிருக்குமே. புது வண்டியில் உட்காருமிடம் எப்படி? இங்கே நாங்கள் இருவரும், எப்படிச் சொல்வது, இருக்கிறோம். பொய் எழுத மாட்டேன்.

நீ மூன்று நாள் இருந்தாய். மொத்தமாக முப்பது வார்த்தை பேசியிருப்பாய். குழாயைச் சரி செய்தாய். ஜன்னல் பக்கத்து நாற்காலியில் எனக்கு எதிரில் உட்கார்ந்து நீயும் எதிர் வீட்டைப் பார்த்தாய். இந்த நாலு மாதத்தில் யார் வந்தாலும் ஒன்று ஆறுதல் சொன்னார்கள், இல்லாவிட்டால் ஆறுதல் சொல்லாமல் இருக்கச் சிரமப்பட்டார்கள். நீ இரண்டும் செய்யவில்லை. உனக்கு நான் வைத்த பட்டப்பெயர்களை உட்கார்ந்து எண்ணினேன். இருபத்திரண்டு. இப்போது எதிர் வீட்டுக்காரி எனக்கு ஒன்று வைத்திருக்கிறாள். ஒன்றுக்கே எனக்குத் தாங்கவில்லை. நீ இருபத்திரண்டையும் எப்படித் தாங்கினாய்?

கிளம்புகிற அன்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஸ்டேஷன் வரைக்கும் வர்றியாக்கா?" என்றாய். நான் மாட்டேன் என்றேன். நீ சரி என்று செருப்பைப் போட்டாய். வற்புறுத்தியிருந்தால் வந்திருக்க மாட்டேன். நீ பாட்டுக்குத் தெருவில் இறங்கிப் போகிறாய், முதுகைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு. நானும் உன் அத்தானும் கதவைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தோம்.

உன் வண்டி போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

என்னால் நகர முடியவில்லை. மேலே வேறு ஒரு பெண்ணின் குரல் அறிவித்துக்கொண்டிருந்தது, சின்னப் பெண், மூச்சு விடாமல் பேசுகிறாள். பெஞ்சில் உட்கார்ந்தேன். உன் அத்தான் உட்காராமல் நின்றார். எங்கேயோ பார்த்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். போகலாமா என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"அன்னைக்கு நான் இங்கதான் நின்னுட்டிருந்தேன்" என்றார்.

"என்னைக்கு?"

"பிப்ரவரி பன்னெண்டாம் தேதி. கடையில கரண்ட் இல்ல. உன்னைக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

எனக்கு உலகமே நின்றுவிட்டது தம்பி. ஸ்டேஷனில் ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன், "அவர் காதுக்கு மட்டும் போகக் கூடாது" என்று. வெளியே போனால் யாராவது துக்கம் விசாரிப்பார்கள், பேச்சு அவர் கடைக்குப் போய்விடும் என்றுதான் வாசலைத் தாண்டவில்லை. போனை எடுத்தால் என் குரலிலேயே தெரிந்துவிடும் என்று எடுக்கவில்லை. எல்லாரும் நான் வெட்கத்தில் முடங்கிவிட்டேன் என்று நினைத்தார்கள். வெட்கமும் இருந்தது. ஆனால் நான் காவல் காத்துக்கொண்டிருந்தேன். நாலு மாதம், இரவும் பகலும், தெரிந்த மனுஷனிடமிருந்து தெரிந்ததை மறைத்து.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

"உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு நான் இருந்தேன்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ கேட்டியே, அவர்கிட்ட என்னன்னு போய்ச் சொல்லுவேன்னு. அதைக் கேட்டதும் நான் ஓடி வந்து உன் ரூம் கதவைத் தட்டியிருக்கணும். தட்டாம வீட்டுக்கு வந்துட்டேன். என்னைவிடக் கோழை யாரு?" என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. "சும்மா இருங்க" என்று அதட்டினேன். என் பழைய குரல். பக்கத்து பெஞ்சில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பிறகு நாங்கள் இருவரும் பிறக்காத பிள்ளையைப் பற்றிப் பேசினோம். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக, இருந்திருந்தால் என்ன படித்துக்கொண்டிருக்கும், யார் மாதிரி பேசும் என்றெல்லாம். மூன்று வண்டிகள் வந்து போயின. மூன்றாவது வண்டி போன பிறகு அவர் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. பொது இடம் என்றுகூடப் பார்க்காமல் அழுதார்.

திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போய் அதிகாரியைப் பார்க்கப்போகிறேன். மைக் முன்னால் மறுபடி உட்கார முடியுமா என்று தெரியவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி வந்தாலும் வருவேன். விசாரிப்பு மேஜையில் ஒரு இடம் இருக்கிறதாம், அதைக் கேட்கலாமா என்று யோசனை. நேற்று தெருமுனைக் கடைவரை போய்வந்தேன், உப்பு வாங்க. வீட்டில் உப்பு இருந்தது.

மேலே ஏற முடியாததைப் பற்றி நீ எழுதிய வரியை இருபது தடவை படித்தேன். அடுத்த கடிதத்தில் அந்தக் கூண்டிலிருந்து என்னென்ன தெரியும் என்று முழுதாக எழுது. நான் கேட்டதே இல்லை.

இதை எழுதும்போது உன் அத்தான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கிறார். நான் கையை வைத்து மறைக்கவில்லை. அவரும் ஏதோ எழுத வேண்டுமாம். பேனாவைக் கொடுக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

மாப்பிள்ளை, நலம். அவள் எழுதியதில் ஒரு திருத்தம் உண்டு. மூன்றாவது வண்டி போன பிறகு என்று எழுதியிருக்கிறாள். முதல் வண்டி வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன். அவள் அழுதுகொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.